ஒரு கத்திக்கு மூன்று பிடி

சவரக்கத்தியைச் சரி செய்து தருகிறவனிடம் யாரும் நல்ல கத்தியைக் கொண்டு வருவதில்லை. துரு ஏறி, பிடி வெடித்து, இனி இது ஆகாது என்று வீட்டில் எல்லாரும் சொல்லி முடித்த பிறகுதான் கொண்டு வருவார்கள். வைத்துவிட்டுப் போகும்போது “எங்கப்பாவோடது” என்று ஒரு வார்த்தையும் சேர்த்து வைப்பார்கள். கத்தியின் கனம் ஒன்றுமில்லை. அந்த வார்த்தையின் கனம்தான் ஆளை உட்கார வைத்துவிடும். தையற்காரர்களே, கடிகாரம் பழுது பார்ப்பவர்களே, பம்புசெட் மெக்கானிக்குகளே, பிறர் பொருளைக் கையில் வாங்கி “பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டுச் சோறு இறங்காமல் இருந்தவர்களே, நான் எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

நான் விழுப்புரத்தில் ஓர் அரிசி ஆலையில் பிட்டராக இருந்தவன். பழைய இரும்புக் கடைக்கு ஒரு போல்ட் தேடிப் போன இடத்தில் மடக்குச் சவரக்கத்தி ஒன்று கிடைத்தது. அதில் தொடங்கியது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். இப்போது பழைய கத்திகளைச் சேர்த்து வைக்கும் பிரியர்கள் பெங்களூரிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் பார்சலில் அனுப்புகிறார்கள். வேலைக்குக் குறைவில்லை.

ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் இன்னொருவரிடமிருந்து வாங்கினேன். திண்டிவனத்தில் சலூன் வைத்திருக்கும் தண்டபாணி அண்ணன் போட்ட சட்டம் அது. நான் முதன்முதலில் தீட்டிய கத்தியை அவரிடம் கொண்டுபோனபோது, கத்தியைப் பார்க்காமல் நாற்காலியைத் தட்டினார். “உக்காரு. தீட்டினவன்தான் முதல்ல உக்காரணும்.” அன்றிலிருந்து என் கன்னத்தைத் தாண்டாமல் எந்தக் கத்தியும் வெளியே போனதில்லை. பிறகு வீட்டிலேயே நானே சவரம் செய்துகொள்ளப் பழகினேன். என் மனைவி சரோஜா விரல்களின் பின்புறத்தால் என் தாடையைத் தடவிப் பார்த்து, “இங்க விட்டுட்டீங்க” என்பாள். அவள் போய்ச் சேர்ந்த பிறகு தடவிப் பார்க்க ஆள் இல்லை. தாடி வளர்ந்துவிட்டது. கத்திகளை முன்கை முடியில் சோதித்து அனுப்பத் தொடங்கினேன். தண்டபாணி அண்ணன் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

இனி, அவருடைய கத்தியின் கதை.

கற்பூர வாசனை

வழக்கமாக நான்தான் திண்டிவனம் போவேன். அந்த ஆனி மாதத்தில் ஒருநாள் அண்ணனே பஸ் ஏறி விழுப்புரம் கீழ்ப்பெரும்பாக்கத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துத் திறந்தார். குப்பென்று கற்பூர வாசனை.

“சாமி சாமானோட வெச்சிருந்தீங்களாண்ணே?” என்றேன்.

“பீரோவுல வெச்சிருந்தேன். ஏன்?”

டப்பாவை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தேன். அந்தக் காலத்துச் சீமைக் கத்தி அது. பிடி தந்தம் போலத் தெரியும், ஆனால் தந்தம் இல்லை. செல்லுலாய்டு. பழைய சீப்பும் பொம்மையும் செய்த பொருள். அதில் கற்பூரம் கலந்திருக்கும். அது கெட ஆரம்பித்தால் உள்ளுக்குள்ளேயே ஓர் ஆவியை விடும். மூடிய டப்பாவில் வைத்தால் அந்த ஆவி தன் சொந்தக் கத்தியையே தின்றுவிடும். பத்திரமாக வைக்க வைக்கக் கெடும் சாமான் அது. கத்தியை விரித்தேன். பிடிக்குள் மறைந்திருந்த பாகம் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி துரு குழி விழுந்திருந்தது.

அண்ணனுக்கு அந்தக் கத்தியால்தான் முதல் மொட்டை. எடுத்தவர் அவர் அப்பா. தன் மகன் செந்திலுக்கு அண்ணன் அதே கத்தியால் எடுத்தார். ரொம்ப வருஷம் கழித்து செந்திலுக்கு ஒரு பையன் பிறந்து, இப்போது ஒரு வயது ஆகப்போகிறது. ஆவணியில் திருவாமாத்தூர் கோயிலில் மொட்டை. அதே கத்தி, தாத்தா கை. அதுதான் ஆர்டர். சின்னக் குழந்தையின் தலையில் இந்தக் குழி விழுந்த இரும்பா என்று நான் யோசிப்பதை அவர் என் முகத்தில் படித்திருக்க வேண்டும்.

“பிடிய நீ எப்டி வேணா மாத்து பிட்டரே. இரும்பு மட்டும் எங்கப்பனுதாவே இருக்கணும்.”

மண்ணெண்ணெயும் சுண்ணாம்புத் தூளும்

இந்த வேலையில் கையுறை போடக்கூடாது. சக்கரத்தில் தேய்க்கும்போது இரும்பு சூடேறினால் விரலுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். என் விரல் தாங்காத சூட்டைக் கத்தியும் தாங்காது, இரும்பின் உரம் போய்விடும். ஒரு தேய்ப்பு, தண்ணீரில் ஒரு முக்கு. இப்படியே குழிகளை ஒவ்வொன்றாகக் கரைத்துக்கொண்டு வந்தேன். கடைசியில் விளிம்புக்கு மேலே முடி மாதிரி ஒரு கோடு மட்டும் போகவில்லை. கீறல் என்றால் கவலை இல்லை. விரிசல் என்றால், என்றாவது ஒருநாள் விளிம்பு சில்லாகத் தெறிக்கும். அது எந்த நாள், யார் தலையில் இருக்கும்போது என்று கத்தி சொல்லாது.

ஆலையில் இயந்திரத் தண்டுகளுக்குச் செய்கிற சோதனையைச் செய்தேன். மண்ணெண்ணெயைத் தடவி, சுத்தமாகத் துடைத்து, மேலே சுண்ணாம்புத் தூளைப் பூசி வைத்தால், விரிசலுக்குள் போன எண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளைத் தூளில் ஒரு கோடு போட்டுக் காட்டும். காத்திருக்க வேண்டும், வேறு வழியில்லை. காத்திருந்தபோது வாசலில் ஒரு பெண் செருப்பைக் கழற்றினாள். அண்ணனின் மருமகள் வளர்மதி. விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். டூட்டி முடிந்து அப்படியே வந்திருந்தாள்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கத்தி மேல் பூசியிருந்த வெள்ளைத் தூளையே பார்த்துக்கொண்டு நின்றாள். “மாமாகிட்ட எங்க வூட்ல யாரும் பேச முடியாதுங்கய்யா. நீங்க சொன்னா கேப்பாரு. இது தேறாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. புதுசா பிளேடு போட்டு எடுத்துக்கலாம்” என்றாள்.

நான் கத்தியைப் பார்த்தேன். தூள் வெள்ளையாகவே இருந்தது. கோடு வரவில்லை. வந்திருந்தால் பொய் சொல்லாமலே அவள் கேட்டதைச் செய்திருக்கலாம். “விரிசல் இல்லம்மா, வெறும் கீறல்தான். கத்தி தேறும்” என்றேன்.

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். குரல் உயரவே இல்லை.

“தேறுமான்னு கேக்க வரலீங்கய்யா. தேறாதுன்னு நீங்க சொல்லணும்னு கேக்க வந்தேன்.”

கூட்டேரிப்பட்டில் ஒரு சோதனை

முதல் பிடியை ஈட்டி மரத்தில் செய்தேன். கறுப்பும் காவியுமாக ரேகை ஓடும் மரம். அதைப் பொருத்திய அண்ணன் கத்தியையும், வெளியூருக்கு அனுப்ப வேண்டிய மற்ற கத்திகளையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு திண்டிவனம் பஸ்ஸில் ஏறினேன். அண்ணனின் கண் ஒருமுறை பட்டால் எனக்கு ஒரு தைரியம். இடைத்தேர்தல் நேரம் என்பதை யோசிக்கவில்லை. கூட்டேரிப்பட்டில் போலீஸ்காரர்கள் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள்.

“பையில இன்னா பெரியவரே?”

“சவரக்கத்திங்க.”

“அதுக்குக் கீழ?”

“அதுவும் சவரக்கத்திதாங்க.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மடியில் இருந்த மல்லாட்டைக் கடலைப் பொட்டலத்தோடு எழுந்து பின்சீட்டுக்குப் போய்விட்டார். போலீஸ்காரர் ஒரு கத்தியை எடுத்து விரித்தார். கூர் இருக்கிறதா என்று பார்க்கக் கட்டை விரலை விளிம்பின் மேல் வைத்து இழுக்கப் போனார். எல்லாரும் செய்வதுதான். ஆனால் அது தீட்டி முடித்த கத்தி. இழுத்திருந்தால் எலும்பில்தான் நின்றிருக்கும். “தொடாதீங்க” என்று கத்திவிட்டேன். அந்தச் சத்தத்துக்குக் கீழே நின்றிருந்த இன்னும் இரண்டு பேர் பஸ்ஸுக்குள் ஏறிவிட்டார்கள்.

இறக்கி ஓரமாக நிறுத்தினார்கள். நான் பழுது பார்ப்பவன் என்பதையும், இவை பழங்காலச் சாமான் என்பதையும், ஒரு கத்தி ஒரு குழந்தையின் மொட்டைக்குப் போகிறது என்பதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை குறைந்தது. கடைசியில் அண்ணனுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அவர் போனிலேயே அந்தப் போலீஸ்காரரின் ஊரை விசாரித்து, மாமனார் பெயரைச் சொல்லி, உங்கள் கல்யாணத்துக்கு நான்தான் மாப்பிள்ளை சவரம் செய்தேன் என்று விளக்கிய பிறகு பை என் கைக்கு வந்தது. கொடுக்கும்போது அவர் என் முகத்தை மேலும் கீழும் பார்த்தார்.

“பை நிறைய சவரக்கத்தி வெச்சிக்கினு, நீ இம்மாம் பெரிய தாடியோட வந்தா எவன்யா நம்புவான்?”

முதல் பிடி

அண்ணன் கடையில் கண்ணாடிக்கு மேலே ஒரு டியூப் லைட் உண்டு. அதன் கீழே கத்தியை நீட்டிப் பிடித்து முதுகிலிருந்து முனைவரை பார்த்தார். குழி எதுவும் இல்லை. கூர் நேராக இருந்தது. “இரும்பு நல்லா வந்துக்குது” என்றார். எனக்கு அதுவே போதும். பிறகு சவரத்துக்குப் பிடிப்பது போலப் பிடித்தார். கட்டை விரல் அடியில், மூன்று விரல் மேலே, சின்ன விரல் பின்னால் நீளும் இரும்பு வாலில். அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். மடக்கினார். மறுபடி விரித்தார். சுவரில் தொங்கும் தோல்வாரில் இரண்டு இழுப்பு இழுத்தார். மேஜை மேல் வைத்துவிட்டார்.

வாசலில் ஒரு வாடிக்கையாளர் எட்டிப் பார்த்து, “ஷேவிங்ணா” என்றார். “இன்னிக்கு இல்ல, நாளைக்கு வா” என்று அண்ணன் அனுப்பிவிட்டார். நான் அதைக் கவனித்தேன், ஆனால் அதில் மனம் நிற்கவில்லை. என் மனமெல்லாம் மேஜை மேல் கிடந்த பிடியில் இருந்தது. மரத்துக்கு மெருகு அதிகம் ஏற்றிவிட்டேனோ? சோப்பு நுரை பட்டால் நழுவுமோ? உங்களுக்குத் தெரியாததில்லை. வாடிக்கையாளர் முகம் சுளித்தால் நாம் முதலில் சந்தேகப்படுவது நம் வேலையைத்தான்.

“வழுக்குது பிட்டரே. கையில நிக்க மாட்டேங்குது. வேற போடு.”

கொம்பு வேகிறது

இரண்டாவது பிடிக்கு எருமைக் கொம்பு எடுத்தேன். ஈரக் கையில் கொம்பு போல ஒட்டி நிற்கும் பொருள் வேறு கிடையாது. ஆனால் கொம்பு வளைந்திருக்கும். கொதிக்கும் எண்ணெயில் போட்டு இளக வைத்து, இரண்டு இரும்புத் தகட்டுக்கு நடுவே வைத்து நெருக்கித் தட்டையாக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் வெடிக்கும், கொஞ்சம் பிந்தினால் கருகும். அடுப்பை விட்டு நகர முடியாது. ஜன்னலைச் சாத்தினால் எனக்கு மூச்சு முட்டும், திறந்தால் தெருவுக்கு முட்டும். வேகும் கொம்புக்கு முடி கருகும் வாசனை.

தகட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன். இன்னும் அரைச் சுற்று தேவை, அந்த அரைச் சுற்றில்தான் கொம்பு வெடிக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு ஸ்பேனரைத் திருப்பினேன். அப்போது மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அம்மாள் தன் மகளிடம் பேசுவது கேட்டது. மெதுவாகத்தான் பேசினார். ஆனால் எனக்குக் காது நன்றாகக் கேட்கும். கை நிற்காமல் அரைச் சுற்றை முடித்தேன். கொம்பு வெடிக்கவில்லை.

“பொண்டாட்டி இருந்த வரிக்கும் இந்த வூட்ல கொழம்பு வாசனை வரும்டி, இப்ப இன்னாத்தக் காச்சிக்கினு கீறாரோ பாவம்.”

செந்தில் சொன்னது

கொம்புப் பிடியும் திரும்பி வந்தது. இம்முறை குறை வேறு. கனம் கையைக் கீழே இழுக்கிறதாம். மழை ஈரத்தில் கொம்பு ஒரு நூல் வளைந்திருக்குமோ, கத்தி மடங்கும்போது விளிம்பு பிடியில் உரசுகிறதோ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு பட்டைகளுக்கும் நட்டநடுவே, எங்கும் தொடாமல் இறங்கி உட்கார்ந்தது. ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் என்னை இன்னும் வாட்டியது. ஆவணி பிறந்துவிட்டது. மொட்டைக்கு ஞாயிற்றுக்கிழமை குறித்துவிட்டார்கள்.

கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தவன் செந்தில். விழுப்புரத்தில் சொந்தமாக சலூன் வைத்திருக்கிறான். மிஷின், பிளேடை மாற்றிப் போடும் கத்தி, ஏசி எல்லாம் உண்டு. அண்ணன் அந்தக் கடைக்குள் போனதே இல்லை. “மாவு மிஷின் மாதிரி சத்தம் வருது” என்பார். செந்திலுக்கும் இந்தக் கத்தி பிடிக்கத் தெரியும். பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே தெரியும். ஆனால் அப்பா கத்தியை அப்பா கொடுத்தால் ஒழியத் தொடமாட்டான். இப்போதும் டப்பாவோடு கொண்டுவந்து டப்பாவோடு வைத்தான்.

“இன்னா சொன்னாரு?”

“கனமாக்குதாம்.”

“போன தடவை வழுக்குதுன்னாரு. அடுத்தது இன்னா சொல்லுவாருன்னு தெரியலப்பா. எனக்கு இந்த வேலையே மறந்துபோச்சோன்னு இருக்குது.”

அவன் கிளம்ப எழுந்தான். எழுந்தவன் நின்றான். நான் கொடுத்த டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, அதை லேசாக ஆட்டிக் காட்டினான். டீ விளிம்பில் அலை அடித்தது. அவன் கை ஆடவில்லை, அவனாகத்தான் ஆட்டினான். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

“பிடி மேல தப்பில்லீங்க பிட்டர் சார். அப்பா யாருக்கும் ஷேவிங் எடுத்து ரொம்ப நாளாச்சு, கட்டிங் மட்டும்தான்.”

மூன்றாவது பிடி

அப்படியானால் வளர்மதி பயந்தது கத்திக்கு இல்லை. மாமனாரின் கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் பழியைக் கத்தி மேல் போடச் சொல்லி வந்திருக்கிறாள். நான் “தேறும்” என்று சொல்லி அந்த வழியையும் அடைத்துவிட்டேன். இப்போது போய்த் தேறாது என்றால் அண்ணன் நம்பமாட்டார், டியூப் லைட்டுக்குக் கீழே அவரே பார்த்திருக்கிறார். உங்க கை ஆடுது என்று சொல்லலாம். சொன்ன அன்றைக்கே அவர் கடையைப் பூட்டிவிடுவார். சொல்லாவிட்டால் ஒரு வயதுக் குழந்தையின் தலை.

எனக்குத் தெரிந்தது பிடி செய்வதுதான். பலா மரத்தில் மூன்றாவதைச் செய்தேன். கொஞ்சம் தடிமனாக, விரல் உட்காரும் இடத்தில் அரத்தால் சின்னச் சின்ன வெட்டுப் போட்டு, ஆடும் கைக்கு எத்தனை உதவி முடியுமோ அத்தனையும் வைத்து. கடைசி வேலை பித்தளை ஆணியின் தலையைச் சுத்தியலால் தட்டி விரிய வைப்பது. முட்டை ஓட்டைத் தட்டுவது மாதிரி தட்ட வேண்டும். ஒரு தட்டு குறைந்தால் கத்தி ஆடும், ஒரு தட்டு கூடினால் மரம் பிளக்கும், பிளந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் இன்னொன்று செய்ய நேரமில்லை. தட்டி முடித்து, காதருகே வைத்து மடக்கிப் பார்த்தேன். சத்தமில்லாமல் மூடியது.

பிறகு வளர்மதிக்குப் போன் செய்தேன். “ஞாயித்துக்கெழம நானும் வர்றேம்மா. தீட்டினவன் முதல்ல உக்காரணும்னு உங்க மாமா போட்ட சட்டம் இருக்குது. முதல்ல நான் உக்கார்றேன். பக்கத்துலயே நின்னு பாரு. அதுக்கப்புறம் புள்ளையக் குடுக்கறதும் குடுக்காததும் உன் இஷ்டம்” என்றேன். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் யாரோ யாரையோ கூப்பிடுவது மட்டும் கேட்டது. பிறகு, ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளியிடம் கேட்பது போலக் கேட்டாள்.

“உங்களுக்கு எதாவது ஆச்சுன்னா யாருக்குங்கய்யா போன் பண்ணணும்?”

திருவாமாத்தூரில்

மொட்டை போடும் கொட்டகையில் கூட்டம் அதிகமில்லை. குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்து ஒரு பிஸ்கெட்டைக் கரைத்துக்கொண்டிருந்தான். வளர்மதி கையில் பஞ்சும் ஸ்பிரிட் பாட்டிலும். அண்ணன் வெள்ளை வேட்டியில், டப்பாவைத் திறந்தார். நான் போய் அவர் முன்னால் பலகையில் உட்கார்ந்தேன்.

“இன்னா பிட்டரே இது?”

“தீட்டினவன் உக்காரணும் இல்லண்ணே.”

அவர் என் தாடியைப் பார்த்தார். எத்தனை வருஷமாகக் கேட்காமல் விட்டது. கத்தரியால் ஒட்ட வெட்டினார், தண்ணீர் தொட்டு நனைத்தார், சோப்பு போட்டார். இடது கையால் என் உச்சந்தலையைப் பிடித்தார். அந்தக் கை பாறை மாதிரி இருந்தது. வலது கையில் கத்தி வந்தது. வலது கன்னத்தில் மேலிருந்து கீழே இறக்கினார். அகலமான இடம், நீளமான இழுப்பு, கை நின்றது. இரும்பு முடியை அறுக்கும் அந்தச் சத்தம் என் காதுக்குள் கேட்டது. நல்ல சத்தம். நான் தீட்டியதில் தப்பில்லை.

தாடைக்கு வந்தார். அங்கே கத்தியைத் திருப்ப வேண்டும், இழுப்பு குறுகும். முகவாயைத் தூக்கினார். தொண்டை வெறுமையாகக் கூரையைப் பார்த்தது. கத்தி வரவில்லை. கண்ணைத் தாழ்த்திப் பார்த்தேன். என் கழுத்துக்கு ஒரு விரல் தூரத்தில், காற்றில், அது நின்றுகொண்டிருந்தது. நின்றுகொண்டிருந்தது என்று சொல்லக்கூடாது. முனை சின்னதாக, இடைவிடாமல் நடுங்கியது. கொட்டகையின் வெளிச்சம் அதில் பட்டுக் கூரையில் ஒரு வெள்ளைப் புள்ளியாக ஆடியது. எல்லாரும் அந்தப் புள்ளியைப் பார்த்தார்கள். அண்ணனும் பார்த்தார். வளர்மதி பஞ்சை இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் அசையவில்லை. எழுந்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்பதால் இல்லை, ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அவராக முடிவு செய்யட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.

“செந்திலு” என்றார். “இப்டி வா. மீதிய நீ எடு.”

செந்தில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். அண்ணன் கத்தியை அவனிடம் கொடுத்தார், என் தலையை மட்டும் விடவில்லை. இடது கையால் பிடித்துக்கொண்டே நின்றார். எத்தனையோ வருஷமாகத் தொடாத கத்தியோடு ஒருத்தன் என் தொண்டையில் இறங்குகிறான். நான் கண்ணை மூடிக்கொண்டு பலா மரப் பிடியில் போட்ட வெட்டுகளை நினைத்துக்கொண்டேன். தொண்டை, முகவாய், இடது கன்னம். எல்லாம் முடிந்து தண்ணீர் தெளித்த பிறகுதான் மூச்சு விட்டேன். அண்ணன் விரல்களைத் திருப்பி, பின்புறத்தால் என் இடது கன்னத்தை எதிர்த்திசையில் தடவிப் பார்த்தார். தாடைக்குக் கீழே தடவினார். காதோரம் தடவினார். “எங்கயும் உட்டுடல” என்றார். நான் முகத்தைத் துடைக்கிற சாக்கில் துண்டைக் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தேன்.

பிறகு அண்ணன் கத்தியைத் துடைத்து மடக்கி மகனின் சட்டைப் பையில் போட்டார். “இது பெரியவங்க மூஞ்சிக்கு. புள்ளைக்கு உன் பிளேடையே போட்டு எடு, இல்லன்னா உன் பொண்டாட்டி அந்த ஸ்பிரிட்டை என் மேல ஊத்திடுவா” என்றார். வளர்மதி சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தாய்மாமன் மடியில் குழந்தை. தலையைப் பிடித்தது தாத்தாவின் இடது கை. செந்தில் எடுத்தான். குழந்தை பிஸ்கெட்டை விடவில்லை, அழவும் இல்லை. ஒரு கீறல் விழவில்லை. சந்தனம் பூசும்போது நான் அண்ணனிடம், “மூணாவது பிடியப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலியேண்ணே” என்றேன். அவர் மகனின் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த பலா மரத்தைப் பார்த்தார்.

“இப்பதான் பிட்டரே சரியா பொருந்திக்குது.”

ஒரு குழந்தையின் தலைக்கென்று மூன்று பிடி மாற்றிய கத்தி கடைசியில் ஒரு கிழவனின் தாடியை எடுத்ததோடு பைக்குள் போய்விட்டது, எங்கள் தொழிலில் நல்லபடியாக முடிந்த ஆர்டர் என்று இதைத்தான் சொல்வோம்.